மூன்று ஏக்கர் நெல்லும் ஒரு லோரியும்

மலேசியாவில், கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் வடபகுதியில் தொடங்கிச் சபாக் பெர்ணம் வரை கடற்கரையை ஒட்டி நீளும் நெல்வெளி ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம், 5 கிலோமீட்டர் அகலம் கொண்டது. சாவா செம்பாடான், சுங்கை புரோங், செகிஞ்சான், சுங்கை லெமான், பாசிர் பாஞ்சாங், சுங்கை நிப்பா, பஞ்சாங் பெடெனா, பாகான் தெராப் என எட்டுப் பிரிவுகளாகக் கிடக்கும் இந்த நிலம் மொத்தம் சுமார் 19,000 ஹெக்டேர். வரைபடத்தில் ஒரே பச்சைப் பட்டையாகத் தெரிந்தாலும் உண்மையில் இது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளின் தொகுப்பு. ஒரு துண்டு, அதாவது ஒரு லாட், பொதுவாக 60 மீட்டர் அகலமும் 200 மீட்டர் நீளமும் உடையது, 1.2 ஹெக்டேர், பழைய கணக்கில் மூன்று ஏக்கர். ஒரு குடும்பத்திடம் ஒன்றோ இரண்டோ லாட் இருக்கும்; குத்தகைக்கு எடுத்துச் சேர்த்துப் பயிரிடுபவர்களிடம் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

ஹெக்டேருக்கு 6 டன் விளைந்தால் ஒரு லாட்டில் 7.2 டன் ஈர நெல் கிடைக்கும். நல்ல மகசூலுக்குப் பேர்போன செகிஞ்சானில் இதைவிடக் கணிசமாக அதிகம் எடுப்பவர்கள் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இது சங்கடமான அளவு. சிறிய வண்டிக்குப் பல நடை. பெரிய லோரிக்குச் சற்றே குறைப் பாரம். ஆண்டுக்கு இருமுறை, ஒரே சில வாரங்களில், இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பாரங்கள் ஆலைகளை நோக்கிக் கிளம்புகின்றன. தூரம் ஒரு பொருட்டே அல்ல. வயலிலிருந்து ஆலைக்குப் பெரும்பாலும் 20 கிலோமீட்டருக்குள்தான். இருந்தும் இந்தக் குறுகிய பயணத்தில்தான் விவசாயியின் வருமானம் கூடுவதும் குறைவதும் நடக்கிறது.

இங்குள்ள பாதைகள் லோரிக்காக அமைந்தவை அல்ல, தண்ணீருக்காக அமைந்தவை. 1930களில் சதுப்புக் காட்டை வெட்டித் தொடங்கப்பட்ட தஞ்சோங் காராங் பாசனத் திட்டம், பெர்ணம் ஆற்று நீரைக் கால்வாய் வழியே தெங்கி ஆற்றுக்குத் திருப்பி, அங்கிருந்து கடற்கரைக்கு இணையாக ஓடும் தலைமைக் கால்வாயில் விடுகிறது. அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் ஓரமாகவே பண்ணைப் பாதைகள் ஓடுகின்றன. நிலத்துக்குப் பின்னால் கிழக்கே, சுமார் 80,000 ஹெக்டேர் பரப்புள்ள வடசிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காடு நீரைத் தேக்கிவைத்திருக்கிறது. 1978இல் தொடங்கிய வடமேற்குச் சிலாங்கூர் ஒருங்கிணைந்த வேளாண் திட்டம் வாய்க்கால்களையும் பாதைகளையும் செப்பனிட்டது. ஆனாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஒவ்வொரு லாட்டின் குறுகிய 60 மீட்டர் முனைதான் பாதையைத் தொடுகிறது. மறுமுனை 200 மீட்டர் உள்ளே இருக்கிறது. வயலின் மண் கடற்களிமண். காட்டை ஒட்டிய பகுதிகளில் கரிமண் கலந்து இன்னும் இளகியது. பாரம் ஏற்றிய லோரி அதில் இறங்கினால் அச்சுவரை புதையும். எனவே லோரி பாதையில் நிற்க வேண்டும், நெல் அதைத் தேடி வர வேண்டும்.

கையால் அறுத்து அடித்த காலத்தில் நெல் சாக்கில் வந்தது. மூட்டைக்கு ஒரு வசதி உண்டு. பத்து மூட்டையானாலும் நூறு மூட்டையானாலும் கிடைத்த வண்டியில் ஏற்றலாம். எவருடைய நெல் எது என்பது கலங்காது. பாதி வழியில் இறக்கி அடுக்கி வைக்கலாம். சிறு பாரத்துக்கு மூட்டையைவிடப் பொருத்தமான ஏற்பாடு இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றே சொல்லலாம். தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் அது இன்னும் உயிரோடிருப்பதற்குக் காரணம் அதுதான். அங்கே நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் 40 கிலோ சிப்பங்களாகப் பிடிக்கின்றன. டிராக்டர் டிரெய்லரிலும், குட்டியானை என்று மக்கள் அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டியிலும் விவசாயி தன் நெல்லைத் தானே கொண்டுபோக முடிகிறது. ஆனால் மூட்டைக்குத் தோள் வேண்டும். சிலாங்கூரில் தோள் கொடுக்க ஆளில்லை. இளையவர்கள் தொழிற்சாலைகளுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போய்விட்டார்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு நெல் சாக்கைப் பார்க்காமலேயே வயலிலிருந்து ஆலைக்குப் போகிறது. கொட்டுநெல்லாகத்தான் எல்லாம்.

கொட்டுநெல்லை ஏற்றும் முறை எளிது, ஆனால் நேரம் தப்பக்கூடாது. அறுவடை இயந்திரம் லாட்டை ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் அறுத்து முடித்துவிடும். அதன் தொட்டி சுமார் 2 டன் கொள்ளும். தொட்டி நிறைந்ததும் அது பாதை முனைக்கு வந்து, குழாயை நீட்டி லோரியில் கொட்டிவிட்டுத் திரும்பும். ஒரு லாட்டுக்கு இப்படி நான்கு முறை வரும். கொட்டும் நேரத்தில் லோரி அங்கே இல்லாவிட்டால் இயந்திரம் நிற்கும். நாள் வாடகை கொடுத்தோ ஏக்கர்க் கூலி பேசியோ கொண்டுவந்த இயந்திரம் சும்மா நின்றால் அடுத்த லாட்டுக்காரரும் காத்திருப்பார். லோரி முன்கூட்டியே வந்து நின்றாலோ அதன் நேரம் வீணாகும். இரண்டில் எந்த இழப்பு குறைவு என்பதே ஒவ்வொரு அறுவடை நாளின் கணக்கு.

இங்கே சிறு லோரியின் குறை வெளிப்படுகிறது. ஒரு கனமீட்டர் நெல் 550 முதல் 600 கிலோ எடை இருக்கும். ஒரு டன் என்று பெயர்பெற்ற சிறு லோரியின் தட்டு ஏறத்தாழ 3 மீட்டர் நீளம், 1.6 மீட்டர் அகலம். பக்கப் பலகை 40 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் கொள்ளளவு 2 கனமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விளிம்புவரை நிரப்பினால் 1.1 டன். இயந்திரத்தின் ஒரு தொட்டி அதில் அடங்காது. 7.2 டன்னுக்கு ஏழு நடை ஆகும். இரண்டு அச்சுள்ள பெரிய லோரி எட்டு, ஒன்பது டன்னை ஒரே நடையில் எடுத்துக்கொள்ளும். ஒரு லாட் கிட்டத்தட்ட ஒரு பாரம். இந்தப் பொருத்தம் தற்செயல் என்றாலும் இவ்வட்டாரத்தில் நெல்லைச் சுமக்கும் வேலை அத்தகைய லோரிகளிடம் போய்ச் சேர்ந்ததற்கு அதுவே பெரிய காரணம். சொந்தச் சிறு லோரியோ ஹைலக்ஸ் பிக்கப் வண்டியோ வைத்திருக்கும் விவசாயியும் நெல் என்று வரும்போது வாடகை லோரியைத்தான் கூப்பிடுகிறார். அவருடைய வண்டி விதை மூட்டை, வட்டார விவசாயிகள் அமைப்பிலிருந்து வரும் உர மூட்டை, மருந்துத் தெளிப்பான், பம்ப் ஆகியவற்றைக் கொண்டுவரப் பயன்படுகிறது. இயந்திரம் எட்டாத மூலையில் கையால் அறுத்த கொஞ்சம் நெல்லும் அதில் போகலாம்.

அவசரத்துக்குக் காரணம் ஈரம். அறுவடையன்று நெல்லின் ஈரப்பதம் 20 முதல் 26 விழுக்காடுவரை இருக்கும். பத்திரமாகச் சேமிக்க 14க்கு இறங்க வேண்டும். நெல்மணி அறுத்த பிறகும் உயிருள்ளது. அது மூச்சுவிடும், மூச்சுவிட்டால் சூடு பிறக்கும், குவியலின் நடுவில் அந்தச் சூடு வெளியேற வழியிருக்காது. பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளிக்கும், அரைக்கும்போது நொறுங்கும். ஒரு நாளுக்குள் உலர்த்தும் இயந்திரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது பொதுவான விதி. தமிழ்நாட்டில் களத்திலும், களம் போதாவிட்டால் தார்ச்சாலையிலும் பரப்பிக் காயவைத்து, கொள்முதல் நிலையத்தின் 17 விழுக்காட்டு வரம்புக்குள் கொண்டுவருவது விவசாயியின் பொறுப்பு. சிலாங்கூரில் விவசாயிகள் பொதுவாகக் காயவைப்பதில்லை. ஏழு டன்னைப் பரப்ப இடமும் இல்லை, மழை விடவும் விடாது. ஈரத்தோடு விற்பதுதான் வழக்கம். உலர்த்துவது ஆலையின் வேலை. அதனால் லோரி சுமப்பதில் கணிசமான பங்கு தண்ணீர்.

எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால் ஆலையில் நடக்கும் வாக்குவாதம் பாதி புரிந்துவிடும். 24 விழுக்காடு ஈரமுள்ள 7.2 டன் நெல்லில் உலர்பொருள் 5.47 டன். அதை 14 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் 6.36 டன் மிஞ்சும். 840 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஆவியாகிப் போகிறது, அதாவது 11.6 விழுக்காடு. ஆலை இதைக் கழிப்பது நியாயம். அதோடு பதர், வைக்கோல் துண்டு, மண், பச்சை நெல் ஆகியவற்றுக்கும் சேர்த்துக் கழிக்கப்படுகிறது. மொத்தக் கழிவு 20 விழுக்காட்டை நெருங்கும்போதுதான் குரல் உயர்கிறது. தண்ணீர்க் கணக்கை எவரும் கால்குலேட்டரில் போட்டுச் சரிபார்க்கலாம். பதர்க் கணக்கு மாதிரி எடுத்தவர் கையில் இருக்கிறது. லோரியின் மேற்பரப்பில் ஒரே இடத்தில் எடுத்த மாதிரியும், குழலைச் செருகி நாலைந்து இடத்தில் ஆழத்திலிருந்து எடுத்த மாதிரியும் ஒன்றாக இருக்காது. குலுங்கிக்கொண்டு வரும் பாரத்தில் கனத்த மணி கீழே போகும், பதரும் துரும்பும் மேலே மிதக்கும்.

நெல்லின் குறைந்தபட்ச விலை 2014 முதல் டன்னுக்கு 1,200 ரிங்கிட்டாக இருந்து, பின்னர் 1,300 ஆகி, 2025 ஏப்ரலில் 1,500 ஆனது. அந்த விலையில் 7.2 டன்னுக்கு ஒரு விழுக்காட்டுக் கழிவு என்பது 108 ரிங்கிட். லோரிக்காரரிடம் கூலியில் பத்து ரிங்கிட் குறைக்கப் பேரம் பேசும் நேரத்தில் மாதிரி எடுக்கும் இடத்தில் நின்று பார்ப்பது அதிக லாபம். இது தவிர அரசின் நெல் விலை மானியமும் விற்ற எடையைப் பொறுத்தே விவசாயிக்குப் போகிறது. ஆகவே எடைச் சீட்டு என்பது வெறும் ரசீது அல்ல, இரண்டு பணத்துக்கும் அதுவே ஆதாரம். நெல் வாங்குபவர் 1994ஆம் ஆண்டின் நெல், அரிசிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். எடைமேடை 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்துக்கு உட்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும்.

எடைமேடையில் சிறு பாரத்துக்கு மட்டும் உரிய ஒரு தொல்லை இருக்கிறது. லோரியைப் பாரத்தோடு நிறுத்தி ஒருமுறை, இறக்கியபின் வெறுமையாக ஒருமுறை நிறுத்தி, கழித்து வருவதே நெல்லின் எடை. முதல் முறை ஓட்டுநர் இருக்கையில் இருந்து, இரண்டாம் முறை இறங்கி நின்றால் அவருடைய 70 கிலோ நெல்லோடு சேர்ந்துவிடும். மாறி நடந்தால் 70 கிலோ நெல் காணாமல் போகும். ஒன்பது டன் பாரத்தில் இது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, எவரும் கவனிக்க மாட்டார்கள். 1.1 டன் பாரத்தில் இது ஆறு விழுக்காட்டுக்கு மேல். மழையில் நனைந்து கனத்த தார்ப்பாய், உதிரிச் சக்கரம் ஆகியவை ஒரு முறை மட்டும் வண்டியில் இருந்தாலும் இதே கதைதான். எடைமேடையின் படியும் 10 அல்லது 20 கிலோவாக இருக்கும். பெரிய பாரத்துக்கு அது அற்பம், சிறு பாரத்துக்கு ஏறக்குறைய ஒன்று, இரண்டு விழுக்காடு. ஏழு நடையில் கூடுவதும் குறைவதும் ஓரளவு சரிக்கட்டிக்கொள்ளும் என்றாலும், ஒவ்வொரு நடைக்கும் வரிசையில் நிற்பதைச் சரிக்கட்ட வழியில்லை.

அறுவடை உச்சத்தில் ஆலை வாசலில் லோரிகள் வரிசையாக நிற்கும். உலர்த்தும் இயந்திரத்தின் கொள்ளளவு நாளைக்கு இவ்வளவுதான் என்று நிலையானது. வயலின் வேகமோ அறுவடை இயந்திரங்களின் எண்ணிக்கையோடு ஏறுகிறது. அரை மணி நேர ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருப்பு என்றால் லோரிக்கூலியை நிர்ணயிப்பது கிலோமீட்டர் அல்ல, வரிசைதான். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் வழக்கம் இருப்பதால் குறைப் பாரத்தோடு வரிசையில் நிற்க எந்த லோரிக்காரரும் விரும்பமாட்டார். எனவே பக்கத்து லாட்டுகளை அடுத்தடுத்து அறுத்து, ஒரே லோரியில் சேர்த்து நிரப்பும் யோசனை இயல்பாக எழுகிறது. அண்ணன் தம்பி நிலமாக இருந்தால் தொல்லை இல்லை. வேறு வேறு ஆட்களுடையது என்றால் ஒருவர் நெல் ஈரம் கூடியதாக, மற்றவருடையது காய்ந்ததாக இருக்கும். கலந்தபின் கழிவு இருவருக்கும் ஒன்றே. மானியத்துக்கு எடை தனித்தனியாகவும் வேண்டும். நடுவில் தார்ப்பாய் தடுப்பு வைத்து ஏற்றினாலும் எடைமேடை தடுப்பைப் பார்ப்பதில்லை. முதல் பங்கை ஏற்றியதும் ஓர் எடை, இரண்டாவதை ஏற்றியதும் ஓர் எடை என்று பிடிக்க வயலருகே எடைமேடை இருந்தால்தான் முடியும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கலுக்கு வேறொரு தீர்வு கண்முன்னே தெரியும். நெல்வெளிக்குத் தெற்கிலும் கிழக்கிலும், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனை. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே தெனமாரம் தோட்டத்தில் நட்டதுதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். பெரிய தோட்டங்களுக்குச் சொந்த டிராக்டரும் லோரியும் ஆலையும் உண்டு. ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் தன் பழத்தைச் சிறு லோரியில் அருகிலுள்ள ராம்ப்புக்கு, அதாவது பழம் சேர்க்கும் மேடைக்கு, கொண்டுபோய் எடைபோட்டுப் பணம் வாங்கிக்கொள்கிறார். ராம்ப்பில் பல பேருடைய குலை சேர்ந்து பெரிய லோரியில் ஆலைக்குப் போகிறது. பழமும் நெல்லைப்போலவே பொறுக்காது, ஒரு நாளில் ஆலையேறாவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடும். ஆனால் குலையைத் தரையில் கொட்டி மறுபடி அள்ளலாம். தோட்டம் பத்து நாள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆண்டு முழுக்கக் காய்ப்பதால் ராம்ப்புக்கு வேலை ஓய்வதில்லை. நெல்லை இடையில் இறக்கி ஏற்றினால் சிந்தும், மண் சேரும், கழிவு ஏறும். ஆண்டில் சில வாரங்களுக்கு மட்டும் ஓர் இடைமேடை கட்டிக் காவல் வைப்பதும் கட்டாது. நெல்லுக்கு உரிமம் பெற்ற வாங்கும் நிலையங்கள் உண்டு என்றாலும் அவை ராம்ப்பைப்போல மூலைக்கு மூலை முளைக்காததற்கு இதுவே காரணம்.

சொந்த லோரி வாங்கலாமே என்ற கேள்வி எப்போதும் வரும். தன் சரக்கைத் தானே ஏற்ற 'சி' வகைச் சரக்கு உரிமமும், பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற 'ஏ' வகை உரிமமும் வேண்டும். ஓட்டுநருக்குச் சரக்கு வாகன உரிமம் தனியாக உண்டு. வண்டி குறித்த காலத்தில் தொழில்நுட்பச் சோதனைக்குப் போக வேண்டும். இரண்டு லாட்டுக்காரருக்கு ஆண்டில் லோரிக்கு வேலை நான்கு நாள். மற்ற நாளில் அது கல், மணல், பழம், சாமான் என்று கூலிக்கு ஓடினால்தான் தவணை கட்ட முடியும். அப்போது அவர் விவசாயி மட்டுமல்ல, லோரித் தொழில்காரரும்கூட. பத்து லாட்டுக்கு மேல் குத்தகை பிடித்துப் பயிரிடுபவருக்கே இது கணக்கில் வரும். அதற்குக் கீழே இருப்பவருக்கு, அறுவடை இயந்திரக்காரரோடு சேர்ந்து வேலைசெய்யும் நம்பகமான லோரிக்காரர் ஒருவரைப் பிடித்துவைத்துக்கொள்வது லோரி வாங்குவதைவிடப் புத்திசாலித்தனம்.

நடையைக் குறைக்கும் ஆசையில் பலகையை உயர்த்திக் கட்டி அதிகம் ஏற்றுவது பழைய வழக்கம். சிறு லோரிக்கு இது ஆபத்து. நெல் இறுக்கமான சரக்கு அல்ல. திருப்பத்தில் ஒருபக்கம் சாயும். வாய்க்கால் ஓரப் பாதை குறுகலானது, ஓரம் இளகியது, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடமில்லை. கூட்டரசுச் சாலை 5இல் ஏறிவிட்டாலோ ஈரநெல்லின் கூடுதல் எடை பிரேக்கைச் சோதிக்கும். 2025 மே மாதம், பெர்ணம் ஆற்றுக்கு வடக்கே தெலுக் இந்தானில், கல் ஏற்றிய லோரி ஒன்று காவல்துறையின் கலகத் தடுப்புப் படையினர் சென்ற வண்டியின் மீது மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன்பின் நாடு முழுவதும் அதிகப் பாரம் ஏற்றும் லோரிகள் மீது நடவடிக்கை கடுமையானது. அறுவடைக் காலத்துக்கென்று நெல் லோரிக்குத் தனிச் சலுகை எதிர்பார்ப்பதற்கில்லை.

வழியில் நடக்கும் இன்னொரு இழப்பு சிந்துவது. பின்பலகையின் கீல் இடுக்கு, தட்டின் துருப்பிடித்த ஓட்டை, மூலை மடிப்பு ஆகிய இடங்களிலிருந்து நெல் கோடாக ஒழுகும். தட்டில் முழுத் தார்ப்பாய் ஒன்றை விரித்து அதன்மேல் ஏற்றுவதும், மேலே மற்றொன்றைப் போர்த்திக் கட்டுவதும் போதும். மேலே போர்த்துவது மழைக்கு மட்டுமல்ல, காற்றில் பறப்பதைத் தடுக்கவும்தான். ஆலையில் இறக்கியதும் தார்ப்பாயைத் தூக்கி உதறினால் மூலையில் தங்கிய நெல்லும் வந்துவிடும். வெற்று எடை பிடிப்பதற்கு முன் இதைச் செய்வது விவசாயிக்கு லாபம், பின் செய்வது கோழிக்கு லாபம்.

அந்த மூலை நெல்லை விட்டுவைக்கக் கூடாததற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம் களைநெல். பாடி ஆங்கின் என்று இவ்வட்டாரம் அழைக்கும் இது பார்வைக்கு நெல்லைப் போலவே இருக்கும். முற்றியதும் மணி தானாக உதிர்ந்து மண்ணில் விழுந்து அடுத்த போகத்தில் முளைக்கும். மலேசியாவில் இது முதலில் பதிவானது 1988இல், இதே வடமேற்குச் சிலாங்கூர்த் திட்டப் பகுதியில். நாற்று நடவை விட்டு நேரடி விதைப்புக்கு மாறியது அதற்கு இடம் கொடுத்தது. ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு அறுவடை இயந்திரமும் வண்டியும் அதைச் சுமந்து சென்றன. நெல்லினத்தைச் சேர்ந்தது என்பதால் வழக்கமான களைக்கொல்லி பயிரையும் சேர்த்தே கொல்லும். களைக்கொல்லியைத் தாங்கும் தனி ரகங்கள் வந்த பிறகும் அது முழுவதும் ஒழியவில்லை. களைநெல் இருக்கும் லாட்டை நாளின் கடைசியில் அறுப்பது, அடுத்த லாட்டுக்குப் போகுமுன் தொட்டியையும் லோரித் தட்டையும் துடைப்பத்தால் பெருக்குவது, பின்பலகை இடுக்கைக் குச்சியால் நோண்டுவது, சக்கரத்துச் சேற்றைப் பாதையிலேயே கழுவிவிடுவது எல்லாம் கால் மணி நேர வேலை. விதை நெல்லை ஏற்றும் லோரியென்றால் இந்தக் கால் மணி நேரத்தை விவசாயி லோரிக்காரரிடம் விடாமல் தானே நின்று செய்துகொள்வது நல்லது. கூலிக்கு ஓடுபவருக்கு அடுத்த நடை காத்திருக்கும்.